லாகோஸில் முதல் மாதம்: புதிதாகப் போகிறவர்களுக்கு

நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "அங்க ஆளைக் கடத்திட்டுப் போயிடுவாங்களாமே?" என்பதுதான். என் மாமியாரும் அதையே கேட்டார். 2017இலிருந்து 2024 வரை அங்கே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். கடத்தல் பொய்யில்லை, நடக்கிறது. ஆனால் அந்த ஏழு வருடத்தில் எங்கள் குடியிருப்பில் இருந்தவர்கள் யாரையும் யாரும் கடத்தவில்லை. ஒருவர் மலேரியாவில் போய்ச் சேர்ந்தார். ராத்திரிப் பயணத்தில் விளக்கில்லாமல் நின்ற லாரியில் கார் மோதி இரண்டு பேர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையில் ஒருவர் மயிரிழையில் பிழைத்தார். புதிதாக வருகிறவர்கள் துப்பாக்கிக்குப் பயந்துகொண்டே கொசுவலை இல்லாமல் தூங்குவார்கள். அதனால் எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்ற கணக்கோடு, கிளம்புவதிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

எந்த ஊர் என்று கேளுங்கள்

"நைஜீரியாவில் வேலை" என்று யாராவது சொன்னால் அது பாதி பதில்தான். 36 மாநிலமும் அபுஜா தலைநகரப் பகுதியும் சேர்ந்த, 20 கோடிக்கு மேல் ஜனம் உள்ள நாடு அது. வடகிழக்கில் போர்னோ, யோபே பக்கம் 2009இலிருந்து போகோ ஹராம் தீவிரவாதக் கும்பலின் கலவரம். 2014இல் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகளைக் கொண்டுபோனது அங்கேதான். வடமேற்கில் சம்பாரா, கட்சினா, கடூனா பகுதிகளில் மோட்டார் சைக்கிளில் கூட்டமாக வரும் கொள்ளையர்கள். பணயத்தொகைக்கு ஆள் பிடிப்பது அவர்களுக்குத் தொழில். தென்கிழக்கில் பியாப்ரா பிரிவினை இயக்கம் 2021இல் அறிவித்த திங்கட்கிழமைக் கடையடைப்பு இருக்கிறது. இயக்கமே பிறகு விலக்கிக்கொண்டதாகச் சொன்னாலும் பயத்தில் கடை திறக்காத ஊர்கள் உண்டு. தெற்கே எண்ணெய் எடுக்கும் டெல்டா பகுதியில் கம்பெனி ஆட்களுக்குக் குறி.

லாகோஸ் இதில் எதுவும் இல்லை. அங்கே வழிப்பறி உண்டு, ஏமாற்று உண்டு, வாழ்க்கையே வெறுத்துப்போகும் டிராபிக் உண்டு. ஆகவே ஆஃபர் லெட்டர் வந்ததும் கேட்க வேண்டியது: தொழிற்சாலை எந்த மாநிலம், எந்த ஊர், தங்குமிடம் அங்கிருந்து எவ்வளவு தூரம், வேலை நிமித்தம் வேறு மாநிலங்களுக்கு ரோட்டில் போக வேண்டியிருக்குமா. கடைசிக் கேள்விக்கு "அப்பப்போ" என்று பதில் வந்தால் விமானத்திலா காரிலா என்று விடாமல் கேளுங்கள்.

கிளம்பும் முன்

விசா விஷயத்தில் ஒரே விதிதான். வேலைக்குப் போகிறவருக்கு நிறுவனம் எடுத்துத் தர வேண்டியது எஸ்.டி.ஆர். என்று சொல்லப்படும் வேலை விசா. "பிசினஸ் விசாவில் வாங்க, வந்ததும் மாத்திக்கலாம்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போனால் சட்டப்படி நீங்கள் வேலை செய்யாதவர்; சம்பளம் நிற்கும்போது யாரிடமும் போய் நிற்க முடியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வளைகுடா நாடுகள், மலேசியா போல குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் நைஜீரியா இல்லை. அதனால் உங்கள் வேலை ஒப்பந்தத்தை இந்திய அரசு அதிகாரி யாரும் படித்துப் பார்த்து அனுப்பப் போவதில்லை. நீங்களே படிக்க வேண்டும். நுழைவுப் படிவங்களும் விசா முறையும் சமீப வருடங்களில் மாறிக்கொண்டே வருவதால், போய்வந்த நண்பர் சொன்னதை நம்பாமல் நைஜீரியக் குடியேற்றத் துறையின் இணையதளத்தைக் கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பாருங்கள்.

வேலைக்கு முன்பணம், விசாவுக்கு முன்பணம், "மினிஸ்ட்ரி அப்ரூவலுக்கு" முன்பணம் என்று யார் கேட்டாலும் அது வேலை இல்லை. இந்த வகை மோசடிக்கு அங்கே "ஃபோர் ஒன் நைன்" என்று பெயர். அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவு அது. உள்ளூர்க்காரர்களே அதிகம் ஏமாந்திருப்பதால் "இந்த வீடு விற்பனைக்கல்ல, 419 ஜாக்கிரதை" என்று சுவரில் பெயிண்ட் அடித்து வைத்த வீடுகளைத் தெருவுக்குத் தெரு பார்ப்பீர்கள். சொந்தக்காரர் ஊரில் இல்லாதபோது வேறு எவனோ அந்த வீட்டை விற்றுவிடுவான் என்பதால்.

சம்பளம் எந்தப் பணத்தில் என்பது பாதுகாப்பைவிடச் சின்ன விஷயம்போலத் தெரியும். கிடையாது. 2023 ஜூனில் அந்நாட்டுப் பணமான நைராவின் மதிப்பை அரசு சந்தையிடம் விட்டபோது டாலருக்கு 460 சுமாரில் இருந்தது சில நாளில் 750 ஆயிற்று. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் 1,500ஐத் தாண்டியது. நைராவில் சம்பளம் பேசியிருந்தவர்கள் ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு சம்பளத்துக்கு இறங்கினார்கள். ஒப்பந்தத்தில் டாலர் என்று இருக்கட்டும், அதில் ஒரு பகுதி இந்தியாவில் உங்கள் கணக்கில் விழும்படி இருந்தால் இன்னும் நல்லது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், முன்கூட்டியே நாள் வாங்கிக்கொள்ளுங்கள். போட்ட நாளிலிருந்து 10 நாள் கழித்துத்தான் அந்த மஞ்சள் அட்டை செல்லும், பிறகு ஆயுளுக்கும் ஒரே ஊசிதான். அட்டையைப் பெட்டியில் வைக்காமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். போகும்போது மட்டுமல்ல, அது இல்லாமல் நம் ஊருக்குத் திரும்பினாலும் விமான நிலையத்திலிருந்து நேராக ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். விடுமுறைக்கு வந்தவர் குடும்பத்தை வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே போன கதை எங்கள் குடியிருப்பிலேயே உண்டு.

டாலர் நோட்டு கொண்டுபோகிறவர்கள் புதிய வடிவ 100 டாலர் நோட்டாக, மடிப்போ பேனா கீறலோ இல்லாமல் பார்த்து வாங்குங்கள். சின்ன நோட்டுக்கும் கசங்கிய நோட்டுக்கும் மாற்றுபவர் விலையைக் குறைப்பார். சுவரில் இருப்பது பிரிட்டிஷ் வகை, பட்டையான மூன்று முள் பிளக், நம் உருண்டை முள் நுழையாது. அடாப்டர் இரண்டு போதும். அரிசி பருப்பு மூட்டை கட்ட வேண்டாம், லாகோஸில் இந்தியக் கடைகள் இருக்கின்றன. இட்லிப் பொடியும் ஊறுகாயும் மட்டும் உங்கள் மனசாட்சிப்படி.

இறங்கும் இரவு

சென்னையிலிருந்து அடிஸ் அபாபா, தோஹா, துபாய் என்று எதன் வழியாகப் போனாலும் வந்து இறங்குவது லாகோஸ் முர்தலா முகமது விமான நிலையத்தில். அது இருப்பது மெயின்லேண்டில், இக்கேஜா பகுதியில். அலுவலகங்கள், பெரிய ஓட்டல்கள் எல்லாம் ஐலண்டில், அதாவது விக்டோரியா ஐலண்ட், இக்கோயி, லெக்கி பக்கம். நடுவே கடற்கழியின் மேல் 11.8 கிலோமீட்டர் நீளத்துக்குத் தேர்ட் மெயின்லேண்ட் பாலம். விமானம் இருட்டிய பிறகு இறங்கினால் அன்றிரவே ஐலண்ட் போக நினைக்காதீர்கள். இக்கேஜாவிலேயே ஓட்டல் போடச் சொல்லி, காலையில் பாலம் தாண்டுங்கள். பாலத்தின் நடுவில் ராத்திரி வண்டி நின்றுவிட்டால் முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது.

அழைத்துப் போக வருகிறவரைப் பற்றி நான்கு விவரம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள்: படம், போன் நம்பர், வண்டி நம்பர், ஒரு ரகசியச் சொல். ரகசியச் சொல் என்றால் சிரிப்பு வரலாம். நான் முதல்முறை இறங்கியபோது வெளியே என் பெயரை எழுதிய அட்டையோடு ஒருவன் நின்றான், எழுத்துப்பிழை உட்பட என் பெயரேதான். கைகொடுத்தான், பெட்டியையும் பிடித்துவிட்டான். எங்கள் நிறுவனத்து டிரைவர் இரண்டு ஆள் பின்னால் நின்று அதே பிழையோடு அதே பெயரை வைத்திருந்தார். அவர் அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டவன் முன்னால் வந்து நின்றிருக்கிறான், அவ்வளவுதான் விஷயம். "பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்டதும் பெட்டியை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். எங்கள் சொல் "பொள்ளாச்சி". அதை யாரும் எட்டிப் பார்த்து எழுத முடியாது.

சீருடையில் இருப்பவர்கள் "வெல்கம் சார், எனக்கு என்ன கொண்டுவந்தீங்க?" என்று கேட்கும் பழக்கம் அந்த நாட்டில் பரவலாக உண்டு. வெள்ளிக்கிழமையானால் "ஹேப்பி வீக்எண்ட் சார்" என்பார்கள், அர்த்தம் அதேதான். பதறவும் வேண்டாம், சட்டம் பேசவும் வேண்டாம், பர்ஸை எடுக்கவும் வேண்டாம். காகிதம் எல்லாம் சரியாக இருந்தால் சிரித்தபடி "நெக்ஸ்ட் டைம், ஓகா" என்று சொல்லிவிட்டு நகரலாம். ஓகா என்றால் முதலாளி, பெரியவர். பத்தில் எட்டு பேர் அவர்களும் சிரித்து வழிவிடுவார்கள். காகிதம் சரியில்லாதவருக்கு இந்த யோசனை உதவாது, அதனால்தான் விசா விஷயத்தில் அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

ரோடு

தெருவில் முதலில் கண்ணில் படுவது மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட டான்ஃபோ வேன். கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு, சில்லறையோடு ஏறு என்று கத்துவதைக் கேட்டால் நம் ஊர் நினைவு வரும். மூன்று சக்கர வண்டிக்குக் கேகே என்று பெயர். பாதி பஜாஜ், பாதி டி.வி.எஸ். ஓசூர்க்காரர் ஒருவர் வேலைக்கு வந்த முதல் நாள் ஒரு கேகேயைத் தடவிப் பார்த்து "நம்ம ஊரு வண்டி" என்று கண் கலங்கினார். தடவலாம், புதிதாக வந்தவர் ஏற வேண்டாம். ஒக்காடா எனப்படும் மோட்டார் சைக்கிள் டாக்ஸியை லாகோஸின் முக்கியப் பகுதிகளில் 2022 ஜூனிலிருந்து தடை செய்திருக்கிறார்கள். தடையை மீறி ஓடுவது உண்டு, ஏறினால் வண்டியோடு உங்களையும் பிடிப்பார்கள்.

டான்ஃபோவில் ஏன் ஏறக்கூடாது என்பதற்கு ஒரு சொல் இருக்கிறது: "ஒன் சான்ஸ்". ஒரே ஒரு இடம்தான் பாக்கி என்று கண்டக்டர் கூவுவான். உள்ளே கணவன் மனைவிபோல ஒரு ஜோடி, பள்ளிச் சீருடைப் பையன், பெரியவர் ஒருவர். நீங்கள் ஏறி அந்த ஒரே இடத்தில் உட்காருவீர்கள். வண்டி நகர்ந்ததும் தெரியும், உள்ளே பயணி என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். போன், கார்டு, ரகசிய எண் எல்லாம் வாங்கிக்கொண்டு ஆளில்லாத இடத்தில் தள்ளிவிடுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கே இது அடிக்கடி நடப்பதால், வீட்டுக்குப் போகத் தாமதமானால் "ஒன் சான்ஸ் ஏறிவிட்டாயா?" என்றுதான் கேட்பார்கள்.

நிறுவன வண்டி இல்லாத நேரத்தில் போல்ட், ஊபர் பரவாயில்லை. வண்டி நம்பரும் முகமும் ஆப்பில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். "புக்கிங்கை கேன்சல் பண்ணிடுங்க, கையில குடுங்க, குறைச்சு வாங்கிக்கறேன்" என்றால் இறங்கிவிடுங்கள், கேன்சல் ஆன நொடியில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சியே இல்லை. பின்சீட்டில் உட்காருங்கள், கதவு பூட்டியிருக்கட்டும், கண்ணாடி ஏற்றியிருக்கட்டும். கோ-ஸ்லோ என்று அவர்கள் சொல்லும் டிராபிக் நெரிசலில் வண்டி நிற்கும்போது தண்ணீர், சாசேஜ் ரோல், பெல்ட், எலி மருந்து, சுவர்க்கடிகாரம் என்று சகலமும் கண்ணாடிக்கு வெளியே விற்பனைக்கு வரும். விற்கிறவர்கள் பெரும்பாலும் பாவப்பட்ட பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே ஒருவன் உங்கள் போனை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான். போன் மடிக்குக் கீழே.

ஊர் விட்டு ஊர் போவதில் பேரமே கிடையாது: இருட்டினால் நெடுஞ்சாலையில் இருக்காதீர்கள். மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர முடியாத பயணத்தைக் காலையிலேயே ரத்து செய்யுங்கள். ரோட்டில் பள்ளம், விளக்கில்லாத லாரி, பிறகுதான் கொள்ளையர். கடூனா போகும் வேலை வந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அபுஜாவிலிருந்து கடூனா போகும் நெடுஞ்சாலையில் ஆள் கடத்தல் அதிகமானதும் வசதியுள்ளவர்கள் எல்லாம் ரயிலுக்கு மாறினார்கள். 2022 மார்ச் 28 அன்று அந்த ரயிலின் தண்டவாளத்திலேயே குண்டு வைத்து, சுட்டு, பயணிகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டு டிசம்பர் வரை ரயிலே ஓடவில்லை. அப்படிப்பட்ட வழித்தடங்களுக்கு உள்ளூர் விமானம்தான் வழி. அது தாமதமாகும், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சஹாரா தூசியைக் கிளப்பிக்கொண்டு வரும் ஹார்மட்டான் காற்றில் ரத்தும் ஆகும். காத்திருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

போலீஸ் செக்பாயிண்ட்டில் செய்ய வேண்டியதை என் டிரைவரிடம்தான் கற்றேன். தூரத்தில் டார்ச் ஆடுவது தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, முன்விளக்கைத் தாழ்த்தி, உள்விளக்கைப் போடுவார். கண்ணாடி நாலு விரல் இறங்கும். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். போலீஸ்காரர் வாய் திறக்கும் முன்பே, "குட் ஈவினிங் சார், வெல் டன் சார்!" என்பார். வெல் டன் என்றால் சபாஷ் அல்ல. வேலை செய்துகொண்டிருப்பவருக்குச் சொல்லும் வணக்கம் அது.

"யுவர் பாய்ஸ் டே ஹியர் ஓ," என்பார் போலீஸ்காரர். உங்க பசங்க இங்கதான் நிக்கிறோம் என்று பொருள்.

"அபெக் ஓகா, மந்த் எண்ட் நெவர் ரீச்," என்பார் இவர். மன்னிக்கணும் முதலாளி, மாசக் கடைசி இன்னும் வரலையே.

சிரிப்பு. வண்டி நகரும். இந்த முப்பது நொடியில் பின்சீட்டில் இருக்கும் நீங்கள் செய்ய வேண்டியது: போனைத் தொடாதீர்கள், படம் எடுக்காதீர்கள், டிரைவரை முந்திக்கொண்டு பேசாதீர்கள். பாஸ்போர்ட்டின் நகலை நீட்டலாம், அசல் கேட்டால் அலுவலகத்தில் காட்டுகிறேன் என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். பாலம், விமான நிலையம், அரசுக் கட்டடம், ராணுவ வண்டி எதையும் எப்போதுமே படம் எடுக்க வேண்டாம்.

வீடும் கரண்டும்

கரண்ட் வந்தால் தெருவே "அப் நேபா!" என்று கத்தும். நேபா என்ற மின்வாரியம் பெயர் மாறி, தனியார்மயமாகி எத்தனையோ வருடம் ஆயிற்று, கூச்சல் மட்டும் மாறவில்லை. கத்துகிறார்கள் என்றால் எவ்வளவு அபூர்வமாக வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர். கையில் தூக்கும் அளவுள்ள சின்ன ஜெனரேட்டருக்கு "ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்" என்றே பெயர், பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் ஒசத்தி.

அந்தச் சின்னதுதான் எமன். மழைக்கால ராத்திரி ஒன்றில் என்னோடு வேலை பார்த்த சேலத்துப் பையன் அது நனைகிறதே என்று வராந்தாவுக்குள் இழுத்து வைத்துவிட்டுப் படுத்தான். புகைக்கு வாசனை பெரிதாகத் தெரியாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. காலை ஐந்தரைக்குத் தொழுகை முடித்து வந்த கேட்மேன், ஜெனரேட்டர் ஓடுகிறது, கதவைத் தட்டினால் பதில் இல்லை என்றதும் தோளால் இடித்துத் திறந்தார். பையன் பிழைத்தான், இரண்டு நாள் தலைவலியோடு. ஜெனரேட்டர் திறந்த வெளியில், ஜன்னல் இல்லாத பக்கம், வீட்டிலிருந்து பல அடி தள்ளி இருக்க வேண்டும். மழையில் நனைந்தால் நனையட்டும், அணைத்துவிட்டு வியர்வையில் படுங்கள். ஊரிலிருந்து பாட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் போனால் அதைவிட உருப்படியான பாதுகாப்புச் சாமான் வேறில்லை.

அந்தக் கேட்மேன் வடக்கத்தி ஹவுசாக்காரர், வயது அறுபதுக்கு மேல். புதிதாக வருகிற நம் ஆட்கள் பலர் அவருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் ஹாரன் அடித்துக் கேட்டைத் திறக்கச் சொல்வார்கள். இதை எழுத எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்: இந்தியர்கள் உள்ளூர்த் தொழிலாளிகளை அதட்டுவார்கள், குரலை உயர்த்துவார்கள் என்ற கெட்ட பெயர் அங்கே நமக்கு இருக்கிறது, அது சும்மா வந்ததல்ல. நீங்கள் எப்போது சம்பளம் எடுக்கிறீர்கள், எந்த வழியில் போகிறீர்கள், எந்த நாள் வீட்டில் தனியாக இருக்கிறீர்கள் என்று அறிந்தவர்கள் டிரைவரும் கேட்மேனும் சமையல்காரியும்தான். அவமானப்பட்டவர் ஒருவர் வெளியே வாய்விட்டுப் பேசினாலே போதும். மரியாதைக்காக மரியாதை கொடுங்கள். அதற்கு மனம் வராவிட்டால் பாதுகாப்புக்காகவாவது கொடுங்கள்.

எதைக் கேட்பதற்கும் முன் வணக்கம் சொல்லுங்கள். இடது கையால் எதையும் நீட்டாதீர்கள், அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் தடுக்கி விழுந்தால் சம்பந்தமே இல்லாத ஒருவர் "சாரி" என்பார், அவர் தள்ளிவிடவில்லை, ஐயோ பாவம் என்கிறார். காலையில் தெருவோரம் சுடச்சுட விற்கும் அக்காரா, காராமணியை ஊறவைத்து அரைத்துப் பொரித்த வடையேதான். மொய் மொய் அதே மாவை ஆவியில் வேகவைத்தது. சைவக்காரர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், உள்ளே மீனோ முட்டையோ ஒளிந்திருக்கும்.

காய்ச்சல் வந்தால்

உலகத்து மலேரியாவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நைஜீரியாவில். அதிலும் அங்கே இருப்பது ஃபால்சிபாரம் வகை, மூளை வரை போகக்கூடியது. உள்ளூர்க்காரர்கள் "கொஞ்சம் மலேரியா" என்று ஜலதோஷம்போலச் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து கடிபட்டு அவர்கள் உடம்பில் ஓரளவு தாங்கும் சக்தி இருக்கிறது, உங்களுக்கு அது கிடையாது. எங்கள் குடியிருப்பில் இறந்தவர் காய்ச்சலை மூன்று நாள் பாரசிட்டமாலில் ஓட்டியவர். நாலாம் நாள் உளறத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி.

குறுகிய காலம் போகிறவர்கள் மலேரியா வராமல் தடுக்கும் மாத்திரையைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பிய பிறகும் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். வருடக்கணக்கில் இருப்பவர்களுக்கு மருந்து தெளித்த கொசுவலை, மாலை ஆறு மணிக்கு மேல் முழுக்கை, ஜன்னல் வலையில் ஓட்டை இல்லாமை. காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. இரவானாலும் சரி, மறுநாள் என்று தள்ளாதீர்கள். மருந்து ஆர்ட்டிமிசினின் கூட்டு மாத்திரை. குளோரோகுயினை முதல் மருந்தாகக் கொடுப்பதை அந்நாடு 2005இலேயே கைவிட்டது, யாராவது அதை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். போலி மருந்து பெரிய பிரச்சினை. பெரிய மருந்துக்கடையில், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான நாஃப்டாக் எண் அச்சிட்ட அட்டையைப் பார்த்து வாங்குங்கள். மலேரியா மாத்திரை அட்டைகளில் சுரண்டிப் பார்த்து எஸ்.எம்.எஸ். அனுப்பிச் சரிபார்க்கும் எண்ணும் இருக்கும். தெருவில் கிடைக்கும் "ப்யூர் வாட்டர்" பாக்கெட் தண்ணீரின் தூய்மை பெயரில்தான் நிச்சயம். சீல் வைத்த பாட்டிலைக் குடியுங்கள்.

விடுமுறையில் ஊருக்கு வந்த இடத்தில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமே "நான் நைஜீரியாவிலிருந்து வந்திருக்கிறேன்" என்பதாக இருக்கட்டும். சொல்லாவிட்டால் டெங்கு, டைபாய்டு என்று பார்த்துக்கொண்டே நாள் போய்விடும்.

கடத்தல், கலவரம்

கடைசியில் வைத்தேன் என்பதற்காக அலட்சியம் இல்லை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில் போகாதீர்கள். எங்கே இருக்கிறீர்கள் என்பதை அங்கிருந்து கிளம்பிய பிறகு மட்டும் ஃபேஸ்புக்கில் போடுங்கள், போடாமலே இருந்தால் உத்தமம். தங்கச் சங்கிலி ஊரிலேயே இருக்கட்டும். நிறுவனம் ஆயுதம் தாங்கிய போலீஸ் துணை கொடுத்தால் அதை கௌரவமாக எண்ணாதீர்கள். அந்த வழியில் ஏன் போக வேண்டும் என்று முதலில் கேளுங்கள். வழிமறித்துத் துப்பாக்கி நீட்டினால் கேட்டதைக் கொடுங்கள், கையை மெதுவாக அசையுங்கள், முகத்தை உற்றுப் பார்க்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் மட்டும் நிறுவன மேலாளர் எண், அபுஜாவில் உள்ள இந்திய ஹைகமிஷன் எண், உங்கள் பாஸ்போர்ட் நகல் மூன்றும் இருக்கட்டும். ஏதாவது நடந்தால் அந்த ஒருவர்தான் பேச வேண்டும். பத்து உறவினர் பத்து பக்கம் போன் போட்டு, டி.வி.க்குப் பேட்டி கொடுத்தால் பிடித்தவன் கேட்கும் தொகைதான் ஏறும். போனவுடன் ஹைகமிஷனில் உங்கள் விவரத்தைப் பதிந்துவிடுங்கள். அவசர எண் 112, லாகோஸில் 767ம் உண்டு.

கலவர நாளுக்கு வேண்டியது தைரியமல்ல, மளிகை. 2020 அக்டோபரில் போலீஸ் அராஜகத்துக்கு எதிரான போராட்டத்தின்போது லாகோஸ் முழுக்க 24 மணி நேர ஊரடங்கு போட்டார்கள், அன்று மாலையே லெக்கி டோல்கேட்டில் துப்பாக்கிச் சூடு. நாங்கள் ஏழு பேர் ஒரு ஃபிளாட்டில். அரிசி, பருப்பு, இரண்டு கேஸ் சிலிண்டர், பத்து கேன் தண்ணீர், ஜெனரேட்டருக்கு டீசல் இருந்ததால் சீட்டு விளையாடினோம். பக்கத்துக் கட்டடத்தில் இருந்தவர்கள் தண்ணீர் தேடி வெளியே போய் மாட்டிக்கொண்டார்கள். பத்து நாளுக்கு உள்ளது எப்போதும் வீட்டில் இருக்கட்டும். கையில் கொஞ்சம் நைரா நோட்டாகவும் இருக்கட்டும்; 2023 தொடக்கத்தில் பழைய நோட்டை மாற்றுகிறோம் என்று ஆரம்பித்து, பணமிருந்தும் நோட்டு கிடைக்காமல் ஊரே ஏ.டி.எம். வாசலில் நின்றது. தேர்தல் நாளில் வண்டிகள் ஓடத் தடை இருக்கும். அடுத்த பொதுத்தேர்தல் 2027இல், அந்த வாரம் வெளியூர்ப் பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

விடுமுறைக்குக் கிளம்பும் நாளில் விமான நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்னால் ஐலண்டிலிருந்து புறப்படுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், பாலத்தில் ஒரு டேங்கர் நின்றால் தெரியும். பாஸ்போர்ட், மஞ்சள் அட்டை, குடியிருப்பு அட்டை கைப்பையில். மீந்த நைராவைக் கேட்மேன் கையில் வலது கையால் கொடுத்துவிட்டு ஏறுங்கள். சென்னையில் அதை வாங்க ஆள் இல்லை.